டெல்மர் பூட்டிய ஐந்து வாத்துவால்கள்

டெல்மர் ஆம்ஸ்டட்ஸ் தன் வாழ்நாளில் புத்தம்புதுக் கார்களில் போட்ட ஓட்டைகளை எண்ணினால் ஐயாயிரத்துக்குக் குறையாது. புதுக் காரில் ஓட்டை போடுவது என்ன பெரிய பெருமை என்று கேட்பவர்கள், ஒருமுறை தங்கள் சொந்தக் காரின் மினுமினுப்பான தகட்டின் மேல் துளைக்கருவியை வைத்துப் பார்க்க வேண்டும். கை நடுங்கும். டெல்மருக்கு நடுங்கியதில்லை.

ஒஹாயோவின் வடமேற்கு மூலையில் பிராண்ட் கிராஸிங் என்ற எங்கள் ஊரில் ஸ்டால்டர் மோட்டார்ஸ் என்று ஒரு கார் விற்பனைக் கடை இருந்தது. பத்தொன்பது வயதில் சோளக்கொல்லையிலிருந்து நேரே அங்கே வேலைக்குப் போனவர் டெல்மர். கம்பெனியிலிருந்து ரயிலில் வந்து இறங்கும் கார் மொட்டையாகத்தான் வரும். அதற்கு நகை பூட்டுவது அவர் வேலை. முன்கண்ணாடிக்கு மேலே தொப்பி விளிம்பு போல நீட்டிக்கொண்டிருக்கும் வெயில் தகடு, பின்சக்கரத்தைப் பாதி மறைக்கும் பாவாடைத் தகடு, கதவு விளிம்புக்குக் குரோமியப் பட்டி, நடைபாதைக் கல்லில் உரசப் போனால் கிறீச்சென்று காட்டிக்கொடுக்கும் கம்பி மீசை என்று எல்லாம் பெட்டி பெட்டியாகக் கடைக்கு வரும். கார் வாங்குகிறவர் பட்டியலைப் பார்த்து விரல் வைப்பார். டெல்மர் பூட்டிக் கொடுப்பார்.

அவருக்குப் பிடிக்காத ஒரே விஷயம், பெட்டிக்குள் பொருளோடு வரும் அறிவுரைக் காகிதம். "படிச்சுப் பாத்துப் பூட்டுறவன், சமையல் புத்தகத்தைப் பாத்து முட்டை அவிக்கிறவன் மாதிரி" என்பார். பேச்சுக்குக் குறைச்சல் கிடையாது.

1970ஆம் வருடம் குளிர்காலம் முடிகிற நேரத்தில் அந்த வால் வந்தது. டிக்கி மூடியின் மேல் குறுக்காகப் பூட்டுகிற கறுப்பு வால். பின்னால் கொஞ்சம் மேல்நோக்கித் தூக்கிக்கொண்டு நிற்கும். காருக்கு வேகம் கூடும் என்று பட்டியலில் போட்டிருந்தார்கள். கூடியதாக யாரும் சொல்லவில்லை. ஆனால் அழகாக இருந்தது. பார்த்த உடனே ஊரார் அதற்கு வாத்துவால் என்று பெயர் வைத்துவிட்டார்கள். அதைப் பூட்ட ஐந்து துளை போட வேண்டும். எங்கே போடுவது என்று காட்ட, டிக்கி மூடியின் அகலத்துக்கு ஒரு நீளமான தடித்த காகிதம் கூடவே வரும். காகிதத்தின் விளிம்பை டிக்கியின் விளிம்போடு ஒட்டி வைத்து, அதில் அச்சடித்திருக்கும் ஐந்து புள்ளிகளில் துளைக்க வேண்டியதுதான்.

முதல் வால் பல் டாக்டர் கீஃபருக்கு. மார்ச் மாதத்து வெள்ளிக்கிழமை மதியம். ஏரியில் மீன் கடிக்கிற நேரம் தவறிவிடும் என்று டாக்டர் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றார். டெல்மர் காகிதத்தை வைத்தார், துளைத்தார், பூட்டினார். நாற்பது நிமிடம். டாக்டர் விசிலடித்துக்கொண்டே போனார்.

மேசையைத் துடைக்கக் காகிதத்தை எடுத்தபோதுதான் அந்தப் புள்ளிக்கோடு டெல்மரின் கண்ணில் பட்டது. காகிதத்தின் ஓரமாக, விளிம்பிலிருந்து முக்கால் அங்குலம் தள்ளி, கோடு நெடுகப் போயிருந்தது. அதற்குக் கீழே பொடி எழுத்தில், 'இரண்டு கதவு வண்டிக்கு இந்த இடத்தில் மடித்து வைக்கவும்.' டாக்டருடையது இரண்டு கதவு வண்டி. மடிக்காமல் வைத்ததால் வால் முக்கால் அங்குலம் முன்னால் போய் உட்கார்ந்துவிட்டது. ஒரு கட்டைவிரல் அகலம்.

டெல்மர் வாசல் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் காகிதத்தைச் சுருட்டினார். அவருக்கு முன்னால் அந்த மேசையில் இருந்தவர், ஆன்டெனாவுக்குப் போட்ட ஓட்டை இடம் மாறிப்போனதற்காக அன்று மாலையே வீட்டுக்கு அனுப்பப்பட்டவர். முதலாளி ஸ்டால்டர் நல்லவர்தான், ஆனால் ஓட்டை விஷயத்தில் நல்லவர் இல்லை. வீட்டில் டெல்மரின் மனைவி பெர்னீஸுக்கு ஏழாம் மாதம். திங்கட்கிழமை டாக்டரிடம் சொல்லிவிடலாம் என்று நினைத்தார். திங்கட்கிழமை டாக்டர் நாலு பேரைக் கூட்டிவந்து வாலைக் காட்டிப் பெருமையடித்துக்கொண்டிருந்தார். அதற்கப்புறம் எப்படிச் சொல்வது?

அடுத்த வெள்ளிக்கிழமை ஓர்வல் நிஸ்வாண்டரின் முறை. ஓர்வலும் டெல்மரும் ஒரே பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள். ஓர்வல் தானியக் கிடங்கில் எடை போடுகிற வேலையில் இருந்தார். வாழ்க்கையில் ஒரே ஒரு புதுக் கார்தான் வாங்குவேன், அதை ஒழுங்காக வாங்குவேன் என்று ஆறு வருடம் பொறுத்து வாங்கிய கார் அது. கரும்பச்சை நிறம்.

இந்தமுறை டெல்மர் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காகிதத்தைப் படித்தார். புள்ளிக்கோட்டில் நகத்தால் அழுத்தி மடித்தார். வைத்தார். முதல் துளையைப் போட்டார். அப்போது ஓர்வல் கையில் காபியோடு உள்ளே வந்தார்.

"டேய் டெல்மர், கீஃபர் வண்டியில எப்படி இருக்கோ அப்படியே வெச்சிடு. ஒரு இம்மி மாறக்கூடாது, ஆமா. ஞாயித்துக்கிழமை சர்ச்சுல அவரு பக்கத்துலதான் கொண்டுபோய் நிறுத்தப் போறேன். டாக்டரு மூஞ்சி எப்படிப் போகுதுன்னு பாக்கணும்."

"பக்கத்துலயேவா நிறுத்தப் போற?"

"ஒட்டி நிறுத்துவேன். நடுவுல ஒரு பைபிள்தான் நுழையும்."

சொல்லிவிட்டு, கையெழுத்துப் போட ஆபீஸ் அறைக்குள் போனார். டெல்மர் துளைக்கருவியைக் கையில் பிடித்தபடி நின்றார். இரண்டு கார்களும் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் குருடனுக்கும் தெரிந்துவிடும். ஒன்று சரி என்றால் மற்றது தப்பு. எது தப்பு என்று கேட்டுக்கொண்டு ஸ்டால்டர் காகிதத்தைத் தேடுவார்.

மூன்று நிமிடத்தில் முடிவெடுத்தார். போட்ட அந்த ஒரு துளையில் ஒரு ரிவிட் ஆணியை வைத்துத் தட்டித் தட்டையாக்கினார். பச்சைப் பெயின்ட் தொட்டு வைத்தார். மேலே வாலின் அடிப்பகுதி மறைத்துவிடும். டிக்கியைத் திறந்து அடியில் தடவினால் மட்டும் பாதிப் பட்டாணி அளவுக்கு ஒரு மேடு தட்டுப்படும். மடித்த காகிதத்தை விரித்தார். விரித்தபடியே வைத்து ஐந்து துளை போட்டார். டாக்டர் வண்டியில் இருந்த மாதிரியே, ஒரு இம்மி மாறாமல்.

அதற்கப்புறம் வந்த மூன்று வாலையும் அப்படியேதான் பூட்டினார். ஒரு தப்பை மறைக்க அதே தப்பை நாலு தரம், அளவு பிசகாமல், மெனக்கெட்டுச் செய்தார். வருடக் கடைசியில் கம்பெனி அந்த வாலை நிறுத்திவிட்டது. காகிதத்தின் ஓரத்தில் ஐந்து பேரின் பெயரையும் தேதியையும் பென்சிலால் எழுதிவைத்திருந்தார். அது அவர் பழக்கம். ஓர்வல் பெயருக்குப் பக்கத்தில் 'ஒன்று கூடுதல்' என்றும் எழுதியிருந்தார். காகிதத்தை மடித்துக் கருவிப் பெட்டியின் அடித்தட்டில் போட்டார். ஏன் கிழித்துப் போடவில்லை என்று பிற்காலத்தில் பலமுறை தன்னையே கேட்டுக்கொண்டார்.

வருடங்கள் போயின. டாக்டர் தன் காரை மேற்கே எங்கோ விற்றுவிட்டார். ஒன்று மரத்தில் மோதியது, இரண்டு துருப்பிடித்துப் பழைய இரும்புக்குப் போயின. ஓர்வல் மட்டும் தன் பச்சைக் காரைக் கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொண்டார். போட்டி, கண்காட்சி எதற்கும் கொண்டு போகமாட்டார். "ஐஸ்க்ரீம் சாப்பிடப் போற காருக்கு எதுக்குடா கோப்பை?" என்பார்.

ஓர்வலுக்கு ஒரு வழக்கம் இருந்தது. குளிர்காலம் முழுக்கக் கொட்டகையில் போர்த்திக் கிடந்த கார், மே மாதம் முதல் சனிக்கிழமை வெளியே வரும். அன்றைக்கு முதல் சவாரி டெல்மர் வீட்டுக்கு. வந்து நிறுத்தி, டிக்கியைத் திறந்து, இரண்டு மடக்கு நாற்காலியையும் காபிக் குடுவையையும் எடுப்பார். இருவரும் புல்லில் உட்கார்ந்து பேசுவார்கள். டிக்கியை மட்டும் மூடமாட்டார்.

"மூடேன்டா, தூசி விழும்" என்பார் டெல்மர்.

"இருக்கட்டும், கொஞ்சம் காத்து வாங்கட்டும்" என்பார் ஓர்வல்.

அந்த ஒரு மணி நேரமும் டெல்மருக்கு முள்மேல் இருப்பது மாதிரி இருக்கும். திறந்திருக்கும் மூடியின் பக்கம் திரும்பவே மாட்டார். நாற்காலியைச் சோளக்கொல்லை பக்கமாகத் திருப்பிப் போட்டுக்கொள்வார். சொல்லிவிடலாமா என்று ஒவ்வொரு மே மாதமும் நினைப்பார். சொன்னால் ஓர்வல் சிரிப்பார் என்றும் தெரியும். ஆனால், 'இத்தனை வருஷமா ஏன்டா சொல்லல?' என்று ஒரு கேள்வி வருமே, அதற்கு என்ன பதில் இருக்கிறது? வருடம் கூடக் கூடக் கேள்வியும் கனத்துக்கொண்டே போனது. நாற்பத்திரண்டு மே மாதங்கள் இப்படிப் போயின.

இதற்கிடையில் டெல்மர் பெரிய மனிதராகிவிட்டார். முப்பத்தெட்டு வருட வேலைக்குப் பிறகு ஓய்வு பெற்ற அன்று, கடையில் ஒரு மரப்பலகையில் பழைய துளை அலகைப் பதித்து, 'முப்பத்தெட்டு வருடம், ஒரு கோணல் துளை இல்லை' என்று செதுக்கிக் கொடுத்தார்கள். வாங்கும்போது முகம் சிவந்தது. அடக்கம் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். அப்புறம் பழைய கார்ச் சங்கத்துக்காரர்கள் வந்தார்கள். அவர்களுக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். ஒரு பாவாடைத் தகட்டைப் பார்த்தால் போதும், இது கம்பெனியில் பூட்டியதா, கடையில் பூட்டியதா, இல்லை பின்னால் எவனாவது வீட்டுக் கொட்டகையில் பூட்டியதா என்று மூன்று நாள் சண்டை போடுவார்கள். அதிலும் அந்த வாத்துவால் என்றால் உயிர். நாடு முழுக்கத் தேடினாலும் கடையில் பூட்டிய அசல் வால் சில நூறு தேறாது. அதைத் தன் கையால் பூட்டிய மனிதர் உயிரோடு இருக்கிறார் என்று தெரிந்ததும் ஓடி வந்து ஒரு குறிப்பு எழுதித் தரச் சொன்னார்கள்.

டெல்மர் எழுதித் தந்தார். வால் டிக்கி விளிம்பிலிருந்து இத்தனை அங்குலத்தில் இருக்க வேண்டும், காகிதத்தைப் புள்ளிக்கோட்டில் மடித்து வைத்துத் துளையிட வேண்டும் என்று எழுதினார். அதெல்லாம் சரிதான். 'ஸ்டால்டர் மோட்டார்ஸில் அப்படித்தான் செய்தோம்' என்று கடைசியில் ஒரு வரி சேர்த்தார். அந்த ஒரு வரியை எழுதாமல் விட்டிருக்கலாம். கை சும்மா இருக்கவில்லை.

2013 பிப்ரவரியில் ஓர்வல் இறந்துபோனார். பனியில் கால் புதையப் புதைய நின்று டெல்மரும் ஒரு கைப்பிடி மண் போட்டார். இனிமேல் சொல்ல ஆள் இல்லை என்று அப்போது நினைத்தார். அழுகை அதற்கும் சேர்த்துத்தான் வந்தது.

அந்த வருடம் ஜூன் கடைசியில் ஓர்வலின் மனைவி வில்டா, டெல்மர் வீட்டு வாசலில் வந்து நின்றாள். வில்டாவுக்கு எதையும் சுற்றி வளைத்துப் பேசத் தெரியாது.

"வீட்டை விக்கிறேன், டெல்மர். ரெண்டு ரூம் வீட்டுக்குப் போறேன். காரைக் கூட்டிக்கிட்டுப் போக முடியாது."

"யாருக்குக் குடுக்கப் போற?"

"பழைய ரயில்வே ஸ்டேஷன்ல மாவட்ட மியூசியம் இருக்குல்ல, அவங்க கேக்குறாங்க. ஓர்வல் பேரு போட்டு, ஸ்டால்டர் கடையிலேருந்து வெளிய வந்த அன்னிக்கு எப்படி இருந்துச்சோ அப்படியே இருக்குன்னு அட்டை எழுதி வெப்பாங்களாம். ஆனா சங்கத்துக்காரங்க அசல்னு சீட்டு குடுக்கணுமாம். இல்லேன்னா வேணாமாம்."

"குடுக்கலேன்னா?"

"என் மாப்பிள்ளை எவனுக்காவது தள்ளிவிட்டுடுவான். அவனுக்கு அது பழைய தகரம்." வில்டா கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "அவரு பேரு எங்கேயாவது ஒரு இடத்துல நிக்கணும்னு பாக்குறேன். தானியம் எடை போட்டவனுக்கு வேற என்ன சிலையா வெக்கப் போறாங்க? சங்கத்தோட ஜூலை கண்காட்சிக்குக் கொண்டுவரேன். நீதான் நடுவருங்க கூடாரத்துலயே உக்காந்திருப்பியே, எனக்கென்ன கவலை."

அப்போதே சொல்லியிருக்கலாம்.  முக்கால் அங்குலத்தை யார் அளக்கப் போகிறார்கள் என்று டெல்மர் தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டார்.

கண்காட்சி மைதானத்தில் அன்றைக்கு நல்ல வெயில். பன்றியிறைச்சி வறுபடுகிற வாசனையும் சர்க்கரை போட்ட எலுமிச்சைத் தண்ணீர் விற்கிறவளின் குரலும் எல்லா வரிசைக்கும் வந்தன. பெர்னீஸ் சர்ச் பெண்களோடு பழ அடை விற்றுக்கொண்டிருந்தாள். பச்சைக் காருக்கு வந்த நடுவர் கர்ட் லான்டிஸ் என்ற கணக்கு வாத்தியார். டெல்மரின் துரதிர்ஷ்டம், அந்த ஆள் எதையும் அளக்காமல் நம்பமாட்டார்.

எஃகு அளவுகோலை வால்மேல் வைத்தார். மறுபடி வைத்தார். டிக்கியைத் திறந்து டார்ச் அடித்து அடியில் பார்த்தார், விரலால் தடவினார். பிறகு வில்டாவைப் பார்த்து மெதுவாகச் சொன்னார்.

"அம்மா, கார் பிரமாதம். ஆனா இந்த வால் கடையில பூட்டினது இல்லீங்க."

"என்னது?"

"முக்கால் அங்குலம் முன்னாடி இருக்கு. அதுமட்டும் இல்ல, அடியில ஒரு ஓட்டையைத் தப்பாப் போட்டு ரிவிட் அடிச்சு அடைச்சிருக்காங்க. யாரோ பழைய வால் வாங்கி வீட்டுல வெச்சுப் பூட்டியிருக்காங்க."

"யாரோன்னா? இந்தக் காரை என் புருஷனைத் தவிர யாரும் தொட்டது கிடையாது. கடையில கார் எடுத்த அன்னிக்கே பூட்டினதுன்னு அவரு நாப்பது வருஷமா சொல்லிட்டிருந்தாரு. அவரு பொய் சொன்னாருன்றீங்களா?"

"நான் அப்படிச் சொல்லலம்மா. ஞாபகம் மாறிப்போயிருக்கலாம்." கர்ட் கையிலிருந்த குறிப்பைக் காட்டினார். "ஸ்டால்டர் கடையில எப்படிப் பூட்டினாங்கன்னு ஆம்ஸ்டட்ஸ் சாரே எழுதியிருக்காரு. அவரு கையில இப்படி ஒரு ஓட்டை விழுமா? நீங்களே கேளுங்க."

சுற்றி நின்ற இருபது பேரும் டெல்மரைப் பார்த்தார்கள். வில்டாவும் பார்த்தாள். அவள் முகத்தில் கோபம் இல்லை. பேசு என்கிற மாதிரி இருந்தது.

"இருபது நிமிஷம் குடுங்க" என்றார் டெல்மர். "வீட்டுக்குப் போயிட்டு வந்துடுறேன்."

வீட்டில் யாரும் இல்லை. கருவிப் பெட்டியின் அடித்தட்டில் காகிதம் கிடந்தது. மஞ்சளாகி, எண்ணெய்க் கறையோடு, ஓரத்தில் ஐந்து பெயர்கள். எதிர்ச் சுவரில் மரப்பலகை. கிடைக்கவில்லை என்று திரும்பிப் போய்ச் சொன்னால் யாரும் கேள்வி கேட்கப் போவதில்லை. சங்கம் அவரைத்தான் நம்பும். செத்துப்போன ஓர்வல் பொய்யன் ஆவான், அவ்வளவுதான். டெல்மருக்குத் தன்மேல் அருவருப்பாக இருந்தது. நாற்பது வருடத்தில் முதல் முறையாக அப்படி இருந்தது என்று சொல்ல முடியாது. ஆனால் இந்த முறை உட்கார்ந்து யோசிக்கவில்லை. காகிதத்தை எடுத்துக்கொண்டு வண்டியேறினார்.

திரும்பி வந்தபோது கூட்டம் இருபதிலிருந்து அறுபதாகியிருந்தது. சண்டை வாசனைக்கு வராத சங்கத்துக்காரன் உண்டா? டெல்மர் நேரே போய்க் காகிதத்தைப் பச்சைக் காரின் டிக்கிமேல் விரித்தார்.

"கர்ட், மூடியைத் தூக்கிப் பிடிங்க. அடிப்பக்கமா வெச்சுக் காட்டுறேன். மடிக்காம வெச்சா பாருங்க, அஞ்சு புள்ளியும் அஞ்சு நட்டுமேல விழுதா?"

"விழுது."

"இப்ப கோட்டுல மடிக்கிறேன். மொதல் புள்ளி எங்க இருக்கு?"

கர்ட் டார்ச்சைக் கிட்டே கொண்டுபோனார். "ரிவிட்மேல." சட்டென்று நிமிர்ந்தார். "சார், அப்படின்னா..."

"அப்படின்னா, இதைப் பூட்டினவன் மொதல்ல சரியா மடிச்சு ஒரு ஓட்டை போட்டான். அப்புறம் வேணும்னே பிரிச்சு வெச்சு அஞ்சு ஓட்டை தப்பாப் போட்டான். அவன் நான்தான்." ஓரத்துப் பென்சில் எழுத்தை விரலால் தொட்டுக் காட்டினார். "டாக்டர் கீஃபர் வண்டியில மடிக்க மறந்துட்டேன். ஓர்வல் வண்டி அது பக்கத்துல நிக்கப் போகுதுன்னு தெரிஞ்சதும் பயந்துட்டேன். மத்த மூணும் இதே மாதிரிதான். ஸ்டால்டர் கடையிலேருந்து சரியான இடத்துல வால் வெச்ச கார் ஒண்ணுகூட வெளிய போனதில்ல."

 கர்ட் குறிப்பைத் தூக்கிக் காட்டினார்.

"அப்ப இதுல நீங்க எழுதினது?"

"பொய்."

கூட்டத்தின் ஓரத்தில், கையில் அடை வெட்டுகிற கத்தியோடு பெர்னீஸ் நின்றிருந்தாள். "பன்னெண்டு வருஷமா அந்தப் பலகையை நான் தினம் தூசி தட்டிக்கிட்டிருக்கேன்" என்றாள் சத்தமாக. "கோணல் துளை இல்லையாம்!" யாரோ ஒருவன் சிரித்தான். அப்புறம் எல்லோரும் சிரித்தார்கள். டெல்மர் சிரிக்கவில்லை, வில்டாவும் சிரிக்கவில்லை.

கர்ட் மறுபடி எல்லாவற்றையும் அளந்தார், மூன்று படம் எடுத்தார், அசல் என்று சீட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். சீட்டை வாங்கிய வில்டா அதைக் கைப்பையில் வைத்து மூடினாள். டெல்மரைப் பார்த்து "சரி" என்றாள். அவ்வளவுதான். காரை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அந்த ஒரு 'சரி' டெல்மரை அந்தக் குளிர்காலம் முழுக்கத் தூங்கவிடவில்லை.

ஊரில் நடந்தது வேறு கதை. சங்கத்துக் குறிப்பைத் திருத்தி, 'ஸ்டால்டர் கடையில் மட்டும் காகிதம் மடிக்கப்படவில்லை. தவறு என்னுடையது' என்று டெல்மர் தன் கைப்பட எழுதிக் கொடுத்தார். உடனே சரியான இடத்தில் வால் வைத்து, ஸ்டால்டர் கடையில் பூட்டியது என்று சொல்லிக்கொண்டிருந்த மூன்று பேர் மூக்குடைபட்டார்கள். இலையுதிர் காலத்து உதிரிபாகச் சந்தையில் மடிக்காத காகிதத்தின் நகலை ஒருவன் விற்றுக்கொண்டிருந்தான். அதை வைத்து வேண்டுமென்றே தப்பாகத் துளை போடுகிற அளவுக்குப் போய்விட்டார்கள். எங்கள் ஆட்களுக்கு மூளை அப்படித்தான் வேலை செய்யும். டெல்மர் மரப்பலகையைக் கழற்றித் தோட்டக் கொட்டகையில் போட்டார்; பெர்னீஸ் அதைத் தேடி எடுத்துவந்து சமையலறையில் மாட்டினாள்.

அடுத்த வருடம் மே மாதம் முதல் சனிக்கிழமை காலையில் வாசலில் அந்தப் பழைய எஞ்சின் சத்தம் கேட்டது. டெல்மர் கையிலிருந்த கரண்டியை வைத்துவிட்டு வெளியே வந்தார். பச்சைக் கார் நின்றிருந்தது. வில்டா இறங்கினாள்.

"பத்து மணிக்கு மியூசியத்துல ஒப்படைக்கணும். கூட வா. ஓட்டுறதுக்கு எனக்குக் கை வலிக்குது."

டெல்மர் ஓட்டினார்.  பழைய ரயில்வே ஸ்டேஷனின் பெரிய கதவு இன்னும் திறக்கவில்லை. வில்டா டிக்கியைத் திறந்து இரண்டு மடக்கு நாற்காலியை எடுத்துப் போட்டாள். காபிக் குடுவையையும் எடுத்தாள். டிக்கியை மூடவில்லை.

"ஓர்வலுக்குத் தெரியும், டெல்மர்" என்றாள்.

"என்ன தெரியும்?"

"கார் வாங்கின ரெண்டாவது வாரமே தெரியும். பெட்டி கட்ட வார் மாட்டுறதுக்கு அடியில கையை விட்டாரு. ரிவிட் தட்டுப்பட்டுச்சு. காகிதத்தைப் பத்தியெல்லாம் அவருக்குத் தெரியாது. ஆனா நீ ஏதோ ஓட்டையைத் தப்பாப் போட்டு மறைச்சிருக்கேன்னு தெரியும்."

டெல்மர் கோப்பையைத் தரையில் வைத்தார். "அப்ப ஏன் என்னைக் கேக்கல?"

"நானும் அதைத்தான் கேட்டேன். 'அவனே சொல்லுவான், சொல்றதுக்கு நான் இடம் குடுக்கிறேன்'னாரு. ஒவ்வொரு வருஷமும் உன் வீட்டுக்குக் கொண்டுவந்து திறந்து வெச்சாரு. திரும்பி வந்ததும் நான் கேப்பேன், சொன்னானான்னு. இல்லேம்பாரு. போன வருஷத்துக்கு முந்தின வருஷம், உடம்பு முடியாமப் போச்சே, அப்ப மட்டும் ஒண்ணு கேட்டாரு. 'நான் அவ்வளவு கோவக்காரனா வில்டா? ஒரு ஓட்டைக்காகவா அவன் என்கிட்ட பயப்படுறான்?'னு."

 டெல்மருக்குச் சோளக்கொல்லை பக்கமாகத் திருப்பிப் போட்ட நாற்காலி ஞாபகம் வந்தது. நாற்பத்திரண்டு தடவை. முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தவனுக்கு ஓர்வல் காபி ஊற்றிக் கொடுத்திருக்கிறான். டெல்மர் கைக்குட்டையை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். வில்டா அவரைத் தேற்றவில்லை, எழுந்தும் போகவில்லை.

டெல்மர் எழுந்தார். திறந்திருந்த மூடிக்கு அடியில் கையை விட்டு, அந்தப் பட்டாணி மேட்டைக் கட்டைவிரலால் தடவினார். வருடக்கணக்காக விரல் பட்டது போல அது வழவழவென்று தேய்ந்திருந்தது. அவர் தட்டிய ரிவிட் அவ்வளவு வழவழப்பாக இருந்ததில்லை.

பெரிய கதவு திறந்தது. மியூசியத்து ஆள் துணியோடு வந்து, காரைச் சுற்றிப் பார்த்து, டிக்கி மூடியில் கையை வைத்தார்.

"மூடிடட்டுமா சார்? தூசி விழும்."

"இருக்கட்டும்" என்றார் டெல்மர். "கொஞ்சம் காத்து வாங்கட்டும்."